நீருக்கு வழிவிடும் வீதி: மட்டக்களப்பு வாவிக்கரையின் இரு கோரிக்கைகள்

மட்டக்களப்பு வாவியை நிலப்படத்தில் நோக்குபவர், வடக்கே பங்குடாவெளி தொடங்கித் தெற்கே கல்முனை வரையில், கடலுக்கு ஏறக்குறையச் சமாந்தரமாக 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு நீர்ப்பரப்பையும், அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டாக அமைந்த எழுவான்கரையையும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் படுவான்கரையையும் காண்பார். ஜனங்கள் நெருங்கி வாழ்வது எழுவான்கரையில். நெல் விளைவதும் மாடு மேய்வதும் பெரும்பாலும் படுவான்கரையில். ஆஸ்பத்திரியும் கச்சேரியும் பெரிய சந்தையும் ஒரு கரையிலும், வயலும் வாடியும் மறு கரையிலுமாக அமைந்துவிட்ட பிரதேசத்தில், நீரைக் கடப்பது நித்திய கருமமாகிவிடுகின்றது. பாலங்கள் தோன்றுமுன் தோணியும், ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுமே இரு கரைகளையும் இணைத்தன. குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூர் முருகன் கோயிலுக்குச் செல்வது பல தலைமுறைகளின் அநுபவம். பின்னர் தாம்போதிகளும் பாலங்களும் வந்தன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் நீரின் குறுக்கே மண்ணைக் கொட்டி வீதி அமைக்கும் சமுதாயம், அந்த நீர் இனி எவ்வழியாகப் போகும் என்ற கேள்விக்கும் உடன் விடை சொல்லியாக வேண்டும். அந்த விடை இவ்வாவிக்கரையில் இன்னும் முழுமையாகச் சொல்லப்படவில்லை.

இங்குள்ள கிராம அபிவிருத்திச் சங்கங்களும், மாதர் சங்கங்களும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிருவாகங்களும் அதிகாரிகளுக்குக் கையளிக்கும் மகஜர்களை வகைப்படுத்தினால், இரண்டு கோரிக்கைகள் அடிக்கடி எதிர்ப்படுவதைக் காணலாம். ஒன்று, மாரி காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கடக்க வேண்டியிருக்கும் வீதிகளைச் சீர்செய்து தருக என்பது. மற்றொன்று, தூர்ந்தும் நிரப்பப்பட்டும் வெட்டப்பட்டும் அருகிவரும் கண்டற்காட்டையும் சதுப்பு நிலத்தையும் மீட்டுத் தருக என்பது. முதலாவதை எழுதுவோர் பெரும்பாலும் விவசாயிகளும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும். இரண்டாவதை எழுதுவோர் மீனவரும் சுற்றாடலில் அக்கறை கொண்டோரும். முன்னது ஒரு காரியாலயத்துக்கும் பின்னது வேறொரு காரியாலயத்துக்கும் செல்வதால், இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்ற அபிப்பிராயம் அதிகாரிகளிடையே மட்டுமன்றி, எழுதியவர்களிடையேயும் வேரூன்றிவிட்டது. இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், அபாயமான வீதியும் நலிந்த சதுப்பு நிலமும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதும், ஆகவே கோரிக்கையும் ஒன்றாகவே எழுதப்பட வேண்டும் என்பதுமே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

வாவியின் தெற்கு அந்தத்தில், கல்முனையையும் நாவிதன்வெளிப் பகுதியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். வடகீழ்ப் பருவமழை வலுத்த நாட்களில் இத்தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்வதும், போக்குவரத்துத் தடைப்படுவதும், இவ்விடத்தில் உயர்ந்த பாலம் ஒன்று வேண்டுமென்ற குரல் மீண்டும் எழுவதும் இப்பகுதியினருக்குப் பழகிப்போன விஷயங்கள். அம்பாறை வயற்பரப்புகளின் வடிநீரைச் சுமந்து வரும் வெள்ளம், தாம்போதிக்கு அடியிலுள்ள சில கண்களின் வழியாகவே நுழைந்து செல்ல வேண்டியிருக்கின்றது. அந்தக் கண்களையும் ஆற்றுவாழை அடைத்துக்கொள்கின்றது. வேரோடு வேர் பின்னி, ஆள் நின்றாலும் அமிழாதோ என்று எண்ணும்படி மெத்தையாகத் திரண்டு, நீல மலர்களுடன் வந்து ஒதுங்கும் அப்பச்சைப் பரப்பு, தாம்போதியின் தூண்களில் முட்டி நின்றதும் நீரின் ஓட்டம் தணிந்து மட்டம் உயர்கின்றது. அத்தகைய நாளொன்றில் தாம்போதியில் நின்று இரு புறமும் நோக்கினால், வரத்துப் பக்கத்தின் நீர்மட்டம் வடிவுப் பக்கத்தினும் உயர்ந்திருப்பது கண்ணுக்கே புலப்படும். பொறியியலாளரின் கருவி எதுவும் இன்றியே பாமரனும் அளந்தறியக்கூடிய அவ்வேறுபாடுதான், அவ்வீதி நீருக்கு எவ்வளவு தடையாக இருக்கின்றது என்பதன் பிரத்தியட்சப் பிரமாணம். வயலில் வரம்பு எதைச் செய்கின்றதோ அதையே தாம்போதி வாவியில் செய்கின்றது. வரம்பு வேண்டுமென்றே கட்டப்பட்டது, தாம்போதியின் தடை யோசியாமல் விளைந்தது என்பதே வித்தியாசம்.

ஆற்றுவாழையும் தானாக வந்த வினையன்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இலங்கைக்குக் கொணரப்பட்டது. அது விரைந்து பரவியதைக் கண்டு 1909ஆம் ஆண்டிலேயே அதனை ஒழிப்பதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உவர்நீரை அது தாங்குவதில்லை. நன்னீரும் உரச்சத்தும் தேங்குமிடத்திலேயே செழிக்கும். ஆகவே, வாவியின் ஒரு மூலையில் அது தழைப்பது, கடல்நீர் அங்கே போதிய அளவு எட்டவில்லை என்பதற்கும், வயல்களிலிருந்து கழுவுண்ட உரம் அங்கே தங்கிவிடுகின்றது என்பதற்கும் சாட்சி. கனரக இயந்திரத்தைக் கொணர்ந்து ஆற்றுவாழையை அள்ளி அகற்றுவது அவசியமே. ஆயினும், நீர் தேங்கும் காரணத்தை விட்டுவைத்துச் செடியை மட்டும் அள்ளுவோர் அடுத்த ஆண்டும் அதையே அள்ள வேண்டியிருக்கும்.

வெள்ளம் மேவிய வீதியில் மனிதர் எவ்வாறு மாள்கின்றனர் என்பதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த வீதியில், விடுமுறை பெற்று வீடு திரும்பிய மதரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் இழுத்துச் செல்லப்பட்டு, மாணவர்கள் பலர் உயிரிழந்த துயரத்தை இக்கரையில் யாவரும் அறிவர். இத்தகைய இடங்களில் அபாயம் மூன்று வகையில் ஒன்றுசேர்கின்றது. முதலாவது, கலங்கிய நீரின்கீழ் வீதியின் விளிம்பு எது, பள்ளம் எது என்று தெரியாமற் போவது. இரண்டாவது, ஒரு புறம் உயர்ந்தும் மறு புறம் தாழ்ந்தும் நிற்கும் நீர், வீதியைக் குறுக்காகக் கடக்கையில் வேகம் பெறுவது. ஓடும் நீர் இரண்டடி உயர்ந்தால் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிச் செல்லப் போதுமானது என்பது வெள்ள அநர்த்த ஆய்வுகள் காட்டும் உண்மை. மூன்றாவது, அவ்வேகமே வீதியின் தாழ்ந்த பக்கத்து மண்ணை அரித்து, நேற்று இருந்த விளிம்பை இன்று இல்லாமற் செய்வது. இம்மூன்றில் முதலாவதை அடையாளத் தூண்களாலும் அளவுகோல்களாலும் தடைக்கம்பங்களாலும் உடனடியாகக் குறைக்கலாம். மற்ற இரண்டையும், நீர் கடந்து செல்வதற்குரிய திறப்புகளை அகலமாக்காமல் ஒருபோதும் குறைக்க இயலாது.

சாதாரணமாக முன்வைக்கப்படும் பரிகாரம், வீதியை மண்ணிட்டு உயர்த்துவது. திறப்புகளைப் பெருக்காமல் உயர்த்தப்படும் வீதி அணையாகிவிடும். வீதியில் போகின்றவன் கால் நனையாமற் செல்வான், மேற்புறத்து வயலும் வளவும் முன்னிலும் அதிக நாட்கள் மூழ்கிக் கிடக்கும், அடுத்த பெருவெள்ளத்தில் அதே வீதி உடைப்பெடுக்கும். உயர்த்துவதென்றால் தூண்களின்மேல் உயர்த்த வேண்டும். கல்லடியில் பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலத்துக்கு அருகே 2013இலும், பாதையை நம்பியிருந்த மண்முனைத் துறையில் 2014இலும் ஜப்பானிய உதவியுடன் புதிய பாலங்கள் திறக்கப்பட்டன. மண்முனைப் பாலம் வந்த பின்னர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நோயாளியும் மாணவனும் கமக்காரனும் பெற்ற சௌகரியத்தை அப்பகுதிக்குச் சென்று வினவுவோர் எவரும் அறியலாம். ஆனால், பெருந்துறைகளில் பாலம் கண்ட கவனம், கிளை வீதிகளின் தாழ்ந்த தாம்போதிகளுக்கும் சிறு மதகுகளுக்கும் எட்டவில்லை. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி மழைகாலத்தில் நீருள் மறைய, மக்கள் படகேறிச் செல்வது இன்றும் நிகழ்கின்றது. அது வாவிக்கு வடக்கேயுள்ள வேறொரு வடிநிலத்தைச் சேர்ந்ததாயினும், நோய் ஒன்றே.

கரையோர நெடுஞ்சாலையின் நிலை வேறுவிதமானது. பொத்துவிலிலிருந்து கல்முனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி வழியாக மட்டக்களப்பு நகரை அடையும் ஏ4 வீதி, யுத்தம் ஓய்ந்த பின்னர் காப்பெட் இடப்பட்டு வழுவழுப்பானது. வாகனங்களின் வேகமும் அதற்கேற்ப உயர்ந்தது. வீட்டு வாசலும் கடைத் திண்ணையும் பள்ளிக்கூட வாயிலும் நேராக வீதியிலேயே திறக்கும் கிராமங்களின் ஊடாக அது செல்கின்றது. இங்கே இரவில் நேரும் விபத்துகளுக்குக் கட்டாக்காலி மாடுகளைக் குற்றஞ்சாட்டுவது வழக்கம். மாட்டுக்காரரைத் தண்டிக்கப் பிரதேச சபைகள் பிரயத்தனம் செய்வதும் வழக்கம். மாடு ஏன் வீதிக்கு வருகின்றது என்று கேட்போர் சிலரே. பெரும்போகம் தொடங்கியதும் வயல்கள் மாட்டுக்கு அடைபடுகின்றன. மேய்ச்சலாகப் பயன்பட்ட வாவியோரச் சதுப்பும் தரவை நிலமும் நிரப்பப்பட்டும் அடைக்கப்பட்டும் குறைந்துவிட்டன. எஞ்சியதும் மாரியில் நீருள் அமிழ்கின்றது. அப்போது பிரதேசம் முழுவதிலும் மேடாகவும் உலர்ந்தும் சூடாகவும் இருப்பது வீதி ஒன்றுதான். தண்டப்பணத்தால் மாட்டுக்காரனைத் திருத்தலாம். மாட்டுக்கு மேய்ச்சல் நிலத்தைத் தண்டப்பணம் உண்டாக்கித் தராது. வீதிப் பாதுகாப்பு என்ற விஷயம் சதுப்பு நிலத்துக்குள்ளே எவ்வளவு தூரம் வேரோடியிருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டியதில்லை.

இனி, இரண்டாவது கோரிக்கையைப் பார்ப்போம். வாவியின் ஓரங்களில் கண்டலும் கண்ணாவும் தில்லையும் கிண்ணையும் அடர்ந்து வளர்ந்த இடங்கள் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டிலாக விளங்கின. யுத்த காலத்தில் பாலங்களையும் வீதிகளையும் அண்டிய கண்டற்காடுகள் பாதுகாப்புக் காரணங்களுக்காக வெட்டி வெளியாக்கப்பட்டன. விறகுக்கும், இறால் பண்ணைக்கும், குடியிருப்புக்கும் வேறு பகுதிகள் இழக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின்னர், கரையோரக் காட்டின் அருமையை உலகம் திடீரென உணர்ந்தது. இலங்கையெங்கும் கண்டல் நடுகை இயக்கமாகவே நடைபெற்றது. ஆனால் அவ்வியக்கத்தின் பலன் என்ன? 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாட்டின் 23 நடுகை இடங்களைப் பரிசோதித்து, 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரையில் மேற்கொள்ளப்பட்ட முயற்சியில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேர் மட்டுமே வெற்றி பெற்றதாகவும், 9 இடங்களில் ஒரு கன்றேனும் தப்பவில்லை என்றும் கண்டது. பொருந்தாத நிலத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் பேணாமல் விட்டதுமே பிரதான காரணங்கள். எளிதிற் கிடைப்பது கண்டலின் நீண்ட நாற்று என்பதால், கண்ணா வளர வேண்டிய மேட்டிலும், எந்த மரமும் வளர முடியாதவாறு எப்போதும் நீர் மூடிக்கிடக்கும் சேற்றிலும் அதுவே வரிசை வரிசையாக ஊன்றப்பட்டது. புகைப்படத்துக்கு அழகாக இருந்த அவ்வரிசைகள் பருவமொன்று கழிவதற்குள் வெறுங் குச்சிகளாயின.

இத்தோல்வியிலிருந்து உலகெங்கும் கற்கப்பட்ட பாடத்தை அமெரிக்காவின் புளோரிடாவில் பணியாற்றிய ரொபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார்: முதலில் நீரோட்டத்தைத் திருத்துக, வற்றும் பெருக்கும் பழையபடி வந்து போகுமாறு செய்தால், அயலில் தாய்மரங்கள் இருக்கும்வரை விதை தானே வந்து சேரும், அது வராதபோது மட்டுமே நடுக. வாவியோரத்தில் நீரோட்டத்தைக் கெடுத்தவை எவை என்று ஆராய்ந்தால், வீதிகளுக்காக இட்ட மண்ணும், ஒடுங்கிய மதகும், காணிக்காக நிரப்பிய ஓடைவாயும் முதலிடத்தில் வந்து நிற்கும். மாவடிப்பள்ளிப் பெற்றோர் கேட்கும் அகன்ற திறப்பும், கண்டற்காட்டை மீட்க விரும்புவோர் கேட்க வேண்டிய அகன்ற திறப்பும் ஒரே பொருளாக முடிவது இவ்விடத்தில்தான்.

பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளில் இதே பிரச்சினை தலைகீழான கோலத்தில் எழுந்திருப்பது கவனிக்கத்தக்கது. அங்கே கண்டல் சுதேச மரமன்று. 1902ஆம் ஆண்டு மொலோக்காய்த் தீவின் சேற்றுக் கரையை நிலைப்படுத்தும் நோக்குடன் வெளியிலிருந்து கொணரப்பட்டது. அது பெருகி ஓடைவாய்களை அடைத்து, வண்டலைத் தேக்கி, ஆதிக்குடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கல்லடுக்கி அமைத்த மீன்குளங்களின் மதில்களைப் பிளந்தது. ஓவாஹு தீவின் ஹேயியாவில், 2001 முதல் ஒரு மக்கள் அமைப்பு தொண்டர்களைத் திரட்டி அக்கண்டலை வெட்டி அகற்றி மீன்குளத்தை மீட்டு வருகின்றது. அதற்கு மேலேயுள்ள சதுப்பில் வேறொரு சுதேச அமைப்பு, நீரோடும் சேம்பு வயல்களைப் புதுப்பிக்கின்றது. அதே தீவின் வடகரையில், கடலாமைகளைக் காண வருவோர் நெடுஞ்சாலையைக் குறுக்கறுக்கும் லானியாகேயாவில், வீதியை உள்ளே நகர்த்துமாறு ஊரவர் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்துள்ளனர். மாவுய்த் தீவில் கடலரிப்புக்குள்ளான நெடுஞ்சாலையையே உள்நாட்டுப் பக்கமாக மாற்றியமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. இங்கே நடப்பட வேண்டிய மரம் அங்கே வெட்டப்பட வேண்டியதாகின்றது. ஆகவே, பின்பற்றத்தக்கது மரமன்று, முறை: ஒரு நிலத்துக்கு உரிய நீரின் போக்கை அறிந்து, அதற்கு இடையூறானவற்றை, அவை மரமாயினும் மதிலாயினும் மண்வீதியாயினும், அகற்றுவது.

நீரின் போக்கு என்று சொல்லும்போது, அதைப் பற்றி வாவிக்கரையில் ஏகாபிப்பிராயம் உண்டென்று எண்ணிவிடலாகாது. பாலமீன்மட்டு முகத்துவாரத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும் வாவி கடலோடு கலக்கின்றது. கோடையில் அலை கொணரும் மணல் அவ்வாய்களை மேவி அடைக்கின்றது. மாரி வெள்ளத்தில் அவை தாமே உடைபடாவிடின் வெட்டித் திறக்க வேண்டியதாகின்றது. வயல் மூழ்கக் காண்கின்ற கமக்காரன் விரைவில் வெட்டுமாறு வேண்டுவான். காலம் தவறி வெட்டினால் நீர் ஒரேயடியாக வடிந்து, மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், பின்னர் உவர் ஏறும் என்று வாவி மீனவன் தயங்குவான். இரு சாராரும் தத்தம் அநுபவத்திலிருந்தே பேசுகின்றனர். இருவரும் மெய்யே சொல்கின்றனர். எனினும், மேற்புறத்துத் தாம்போதிகள் நீரைத் தேக்கி வைத்திருக்கும்வரை, முகத்துவாரத்தை எத்துணை அகலமாக வெட்டினும் கிட்டங்கிக்கு அப்பாலுள்ள வயல் உடனே வடிந்துவிடாது என்பதை இருவரும் கவனித்தால், தமக்குள் நிகழும் தர்க்கத்தின் ஒரு பகுதி வீண் என்பது விளங்கும். சதுப்பு நிலம் அகன்றிருந்த காலத்தில் வெள்ளத்தைச் சில நாட்கள் தாங்கி, மெல்ல மெல்ல விடுவது அதன் தொழிலாயிருந்தது. அத்தொழிலை அதனிடமிருந்து பறித்த பின்னரே முகத்துவாரத்தின்மேல் முழுப் பாரமும் விழுந்தது.

அரசாங்கத்தின் அமைப்பே இவ்விரண்டையும் பிரித்துவைத்துள்ளது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. வடிகாலும் குளமும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், கண்டற்காடு வன பாதுகாப்புத் திணைக்களத்துக்கும், கரை கரையோரம் பேணும் திணைக்களத்துக்கும், மீன் கடற்றொழில் திணைக்களத்துக்கும் உரியவை. ஒரு தாம்போதியைக் குறித்து நியாயம் கேட்கச் செல்பவன் இவ்வளவு வாசல்களையும் மிதிக்க வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு விதிகளும், 1993இல் பிரகடனப்படுத்தப்பட்டபடி, 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை அமைப்பையும், 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு நிரப்பலையுமே பிரதானமாகக் கருதுகின்றன. இரண்டு குழாய்களைப் புதைத்துவிட்டு ஓர் ஓடைவாயை மூடும் சிறு வேலைகள் பல சேர்ந்து விளைவிக்கும் பெருங்கேடு அவ்வலையில் அகப்படுவதில்லை. சட்டத்தின் சிறு கண்ணிகள் வழியாக நழுவும் இவற்றைப் பிடிக்க வல்லவர்கள் அவ்விடத்தில் வாழும் ஜனங்களே. அவர்களுடைய கையில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. தம்மூர் மதகின் வரைபடத்தையும், அது எவ்வளவு நீரைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கேட்க எந்தப் பிரஜைக்கும் உரித்துண்டு. மக்கள் பங்கேற்பின் வலிமைக்கு இந்நாட்டிலேயே உதாரணமும் உண்டு. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச நிறுவனம் 2015இல் தொடங்கிய திட்டம், 1,500 கிராமங்களில் 15,000 பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் அளித்து, பதிலாக அவர்கள் தத்தம் அயலிலுள்ள கண்டற்காட்டைக் காக்கவேண்டும் என்ற உடன்பாட்டை வகுத்தது. காட்டைக் காப்பவருக்கு அடுப்பெரிய வழி செய்தாலன்றிக் காப்பு நிலைக்காது என்ற அநுபவ ஞானம் அதன் அடிப்படை.

ஒன்றாக எழுதப்படும் மகஜர் கேட்க வேண்டியவை பல அல்ல. ஒவ்வொரு தாம்போதியிலும், மாரியின் உச்சத்தில் இரு புறத்து நீர்மட்டங்களின் வேறுபாட்டை மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து அளந்து பதிவுசெய்ய இடமளிப்பது. அவ்வேறுபாடு மிகுந்த இடங்களை முதலில் தேர்ந்து, மண்ணை உயர்த்தாமல் தூண்களையும் திறப்புகளையும் பெருக்குவது. அதுவரையில் அடையாளத் தூணும், ஆழம் காட்டும் அளவுகோலும், வெள்ளம் குறித்த எல்லையைக் கடந்ததும் வீதியை மூடும் அதிகாரமுடைய ஊர்க் காவலரும் ஏற்படுத்துவது. திறப்புகளின் வாயிலுள்ள நிலத்தை நிரப்பவொட்டாமல் எல்லையிட்டு, கண்டல் தானே மீள விடுவது. மாரிக்குரிய மேய்ச்சல் மேடுகளை ஒதுக்கி மாட்டை வீதியிலிருந்து விலக்குவது. கரையோர நெடுஞ்சாலையில் பள்ளிக்கூட வாயில்கள்தோறும் நடைபாதையும் வேகத்தடையும் இடுவது. பணம் எங்கே என்ற கேள்வி உடனே எழும். ஆண்டுதோறும் அரிப்புண்ட வீதிக்கு மண் நிரப்பவும், ஆற்றுவாழையை அள்ளவும், படகுச் சேவை நடத்தவும், அழிந்த பயிருக்கு நட்டஈடு வழங்கவும், பலனற்ற கன்று நடுகைக்கும் வெவ்வேறு காரியாலயங்கள் வெவ்வேறு கணக்குகளில் செலவிடுவதை ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்க எவரும் இதுவரை கடமைப்படவில்லை. அக்கூட்டுத்தொகையைக் கேட்டுப் பெறுவதே வாவிக்கரை இயக்கங்கள் இணைந்து செய்யக்கூடிய முதற் காரியம். அத்தொகை கையிலிருந்தால், பாலம் ஆடம்பரம் என்ற வாதமும், சதுப்பு வீண்நிலம் என்ற வாதமும் ஒருங்கே வலுவிழக்கும்.